வருவார் வரிசை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் லயத்தில் பாதிப் பேர் என் நாக்கைப் பார்த்திருக்கிறார்கள். பீலியடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் போதும், "எங்க, நாக்க நீட்டு பாப்போம்" என்று யாராவது மறிப்பார்கள். நானும் பெருமையாக நீட்டுவேன். குனிந்து பார்ப்பார்கள், வெளிச்சம் போதாதென்று கிழக்கே திருப்பி நிறுத்திப் பார்ப்பார்கள், ஒருத்தி முந்தானையால் துடைத்துக்கூடப் பார்த்தாள். நாக்கில் கறுப்புப் புள்ளி உள்ளவர்கள் சொல்வது அப்படியே பலிக்கும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. கருநாக்கு என்பார்கள். அந்த ஒரு கிறிஸ்மஸ் காலம் முழுக்க, எனக்குக் கருநாக்கு உண்டா இல்லையா என்பதுதான் எங்கள் கீழ் டிவிசனில் பெரிய வழக்கு. புள்ளி இருக்கிறது என்று ஒரு கட்சி. அது பென்சிலை நக்கி எழுதுகிற கழுதையின் நாக்கு, வேறொன்றுமில்லை என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு அம்மா தலைவி.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம். மலைச்சரிவில் தொழிலாளர் குடியிருக்கிற பத்து லயம், ஒரு மாரியம்மன் கோயில், தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம் ஒன்று. வேதக்காரக் குடும்பங்கள் இருபதுகூடத் தேறாது. ஆனால் கிறிஸ்மஸ் என்றால் மாரியம்மன் கோயில் சனமும் வந்து பின்னால் நின்று பார்க்கும். மற்றத் தோட்டங்களில் மேய்ப்பர் நாடகம் போடுவார்கள். எங்கள் உபதேசியாருக்கு நாடகம் என்றாலே ஆகாது. ஒரு வருஷம் ஏரோது ராஜா கசிப்பு குடித்துவிட்டு வந்து மேய்ப்பர்களை நிஜமாகவே அடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு உபதேசியார் சொந்தமாக ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் தீர்க்கதரிசனமும் நிறைவேறுதலும். நாங்கள் வைத்த பெயர் வருவார், வந்தார்.

ஏற்பாடு இதுதான். ஆலயத்தில் வலப்பக்கம் ஏழு பிள்ளைகள், இடப்பக்கம் ஏழு பிள்ளைகள். வலப்பக்கத்துப் பிள்ளைகள் பழைய தீர்க்கதரிசிகள். இரட்சகர் ஒருவர் வருவார் என்று, அவர் பிறப்பதற்கு எத்தனையோ நூறு வருஷங்களுக்கு முன்பே யூதருக்குச் சொல்லி வைத்தவர்கள். ஒவ்வொருவரும் தம் வசனத்தைச் சொல்லி, கடைசியில் "வருவார்" என்று முடிக்கவேண்டும். உடனே இடப்பக்கத்திலிருந்து அதற்கு ஜோடியான பிள்ளை, அது இயேசுவில் எப்படி நிறைவேறிற்று என்கிற வசனத்தைச் சொல்லி, "வந்தார்" என்று முடிக்கவேண்டும். முடித்துவிட்டு நடந்துவந்து, தன் கையில் எரிகிற மெழுகுதிரியால் தீர்க்கதரிசியின் கையிலிருக்கும் எரியாத மெழுகுதிரியைக் கொளுத்தவேண்டும். ஏழாவது ஜோடி முடியும்போது வலப்பக்கமும் வெளிச்சமாகிவிடும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு அதில் இருந்த மனக்குறை உடுப்பைப் பற்றியது. வந்தார் வரிசைக்கு வெள்ளைச் சட்டை, தலையில் ரிப்பன். வருவார் வரிசைக்குக் கம்பளி. தீர்க்கதரிசிகள் ஒட்டக ரோமம் போர்த்தினவர்கள், ஒட்டகத்துக்கு உபதேசியார் எங்கே போவார்? அம்மாமார் மழையில் கொழுந்தெடுக்கப் போகும்போது தலையோடு போர்த்திக்கொள்கிற பழுப்புக் கம்பளியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அதில் ஈரத் தேயிலையும் வியர்வையும் அட்டை கடிக்காமல் காலில் பூசுகிற சவர்க்காரமும் சேர்ந்த ஒரு வாசனை நிரந்தரமாகக் குடியிருக்கும்.

என் ஜோடி பெரியம்மா மகள். என்னைவிட ஆறே மாதம் மூத்தவள். அந்த ஆறு மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும், அந்த ஆறு மாதத்துக்காகத்தான் வெள்ளைச் சட்டையும் அவளுக்குப் போயிற்று என்று எனக்குத் திடமான எண்ணம். எனக்குக் கிடைத்தது மீகா தீர்க்கதரிசியின் வசனம். பெத்லகேமே, நீ சின்னஞ்சிறிய ஊராக இருந்தாலும் ஆளப்போகிறவர் உன்னிடத்திலிருந்துதான் வருவார் என்கிற வசனம். அவளுக்கு அதன் நிறைவேறுதல். அவர் பெத்லகேமில் பிறந்தார், சத்திரத்தில் இடமில்லாததால் பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினார்கள் என்று போகும். மாட்டுக்குத் தீவனம் போடுகிற தொட்டிதான் முன்னணை. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. படுத்துக்கொண்டே நான் இந்தப் பக்கத்திலிருந்து "வருவார்" என்பேன், அவள் அந்தப் பக்கத்திலிருந்து "வந்தார்" என்பாள். "ரெண்டும் வந்தது போதும், தூங்குங்கடி" என்று பெரியப்பா சத்தம் போடுவார்.

இரண்டு நாட்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இந்தச் சனத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். பெரியப்பா இந்தியாவுக்கு. ஏன் இவர் அப்படி, அவர் இப்படி என்று எனக்குத் தெரியாது. இருவருமே இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பெரியப்பா பிறந்தது, வளர்ந்தது, பெரியம்மாவைக் கட்டியது எல்லாம் அதே லயத்தின் மூன்றாம் காம்பராவில்தான். அந்த வருஷம் நவம்பர் மழையோடு பெரியப்பாவுக்குப் புறப்படச் சொல்லிக் கடிதம் வந்தது. கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கையில் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய்க் கப்பல் பிடிக்கவேண்டும்.

பெரியவர்கள் அழுதார்கள், சமைத்தார்கள், சாமான் கட்டினார்கள். பெரியப்பா தன் மாட்டை விற்றார். எனக்கோ ஒரே ஒரு கவலை. என் மெழுகுதிரியை யார் கொளுத்துவது? உபதேசியார் அதற்கும் வழி கண்டுவிட்டார். அக்காவின் வசனத்தைக் கணக்கப்பிள்ளை மகளுக்குக் கொடுத்தார். அவளிடம் வெள்ளைச் சட்டை இரண்டு இருந்தது.

மறுநாள் மழைத்தூறலில் நான் அம்மாவின் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பீலியடிக்குப் போனேன். கணக்கப்பிள்ளை மகள் அங்கே நின்றாள். "ஒன் மெழுகுதிரிய இனி நாந்தான் கொளுத்துவேன். ஒழுங்கா நேரா புடிச்சிக்க, என்னா?" என்றாள். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. தலையில் கம்பளி இருந்ததால் வந்திருக்கலாம். ஞாயிறு வகுப்பில் உபதேசியார், தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த வார்த்தை தரையில் விழாது, எழுநூறு வருஷம் ஆனாலும் நடந்தே தீரும் என்று சொல்லியிருந்தார். என் தேவைக்குப் பத்து நாள் போதும். கையை உயர்த்திக்கொண்டு, ஆலயத்தில் சொல்கிற அதே ராகத்தில் சொன்னேன்.

"அக்கா போகமாட்டா. கோச்சி ஓடாது. கிறிஸ்மஸுக்கு அக்காதான் வந்து என் மெழுகுதிரிய கொளுத்துவா!"

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த கடைசிக் காம்பரா அத்தை இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, பெரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுக்கிறதற்குள் நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

அவர்கள் போகிற அன்று தோட்டத்து லொறி விடியற்காலையில் வந்து நின்றது. இரும்புப் பெட்டி இரண்டு, பாய்ச் சுருள், அம்மி. அம்மியை எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, "அங்க கல்லு எப்புடி இருக்குமோ" என்றாள் பெரியம்மா. லயம் முழுக்க ஒப்பாரி. அம்மாவும் பெரியம்மாவும் கட்டிக்கொண்டு அழுததைப் பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நான் மட்டும் அழவில்லை. எதற்கு அழவேண்டும்? எப்படியும் திரும்பி வரப்போகிறவர்கள். அக்காவின் இடுப்பில் அவள் இரண்டு வயதுத் தம்பி இருந்தான். அவன் கன்னத்தைக் கிள்ளி, "போய்ட்டு வாடா" என்றேன். அதைப் பார்த்த அம்மா, "நெஞ்சழுத்தக்காரி, பொறப்பப் பாரு" என்று உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அன்றைக்கும் மழை, மறுநாளும் மழை. ஊவா மலையில் டிசம்பர் மழைக்கு விடுமுறை கிடையாது. மறுநாள் மாலை பூனாகலைச் சந்தியிலிருந்து ஆட்கள் சேதி கொண்டுவந்தார்கள். அப்புத்தளைக்கு அப்பால் மலை சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டதாம், கோச்சி ஓடவில்லையாம். அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள், மரக்கறி ஏற்றுகிற லொறி ஒன்று லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அதிலிருந்து நனைந்த கோழிகளைப் போலப் பெரியப்பா குடும்பம் இறங்கியது. ஒரு பகலும் ஒரு இரவும் ஸ்டேஷனில் குந்தியிருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். கப்பல் போய்விட்டது. இன்னொரு நாள் குறித்து அனுப்புகிறோம், அதுவரை இருந்த இடத்துக்கே போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் லயத்து வாசலிலிருந்து கீழே ஓடினேன். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அக்கா பெட்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பெரியம்மா மட்டும் ஒரு கணம் நின்று என் வாயைப் பார்த்தாள். அது எப்படிப்பட்ட பார்வை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இருந்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள், சரி. இருந்த இடம் எங்கே? தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பெரியப்பா பெயரை வெட்டியாகிவிட்டது. மூன்றாம் காம்பராவைக் கிளாக்கர் ஐயா, காத்துக்கொண்டிருந்த ஒரு புதுச் சோடிக்கு அவர்கள் போன அன்று மத்தியானமே கொடுத்துவிட்டார். அந்தப் பெண் பெரியம்மா மெழுகி வைத்துவிட்டுப் போன அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி கொதிக்க வைத்திருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் பாவம், அவளே அழுதுவிட்டாள். "உள்ள வாங்கக்கா" என்றாள். பெரியம்மா தன் வீட்டு வாசலில் நின்று, "பரவால்லம்மா, நீ இரு" என்றாள்.

முதல் இரவு எங்கள் ஒற்றைக் காம்பராவில் ஏழு பேர் படுத்தோம். மறுநாள் கிளாக்கர் ஐயா வந்து, "பேர் வெட்டின ஆளுங்க லயத்துல தங்கக்கூடாதுன்னு துரை உத்தரவு. எனக்கு வேற வழியில்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எங்கள் கூரையைப் பார்த்துச் சொன்னார். லயத்துக்குப் பின்னால் பெரியப்பா தானே கம்பு நட்டுத் தகரம் போட்ட மாட்டுக்கொட்டகை இருந்தது. மாட்டை விற்றதால் அது காலி. அது லயத்தில் சேர்த்தி இல்லை என்று கிளாக்கர் ஐயாவே எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா போய்ச் சாணியை வழித்துப் போட்டார். அப்பா கூடப் போய் மேலே படங்குச் சாக்கு கட்டினார்.

கிறிஸ்மஸ் கதையைச் சுவரைத் தாண்டிச் சுவரைத் தாண்டி ஒப்புவித்த இரண்டு பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அக்கா அன்றைக்கு மாட்டுத் தொட்டிக்குள் காய்ந்த மானாப் புல்லைப் பரப்பித் தம்பியைப் படுக்கவைத்துப் பார்த்தாள். நான் பொறாமையில் வெந்தேன். வெள்ளைச் சட்டையும் அவளுக்கு, மாட்டுக்கொட்டகையும் அவளுக்கு. சொன்னது நான், கிடைத்தது எல்லாம் அவளுக்கு. என்னையும் அங்கே படுக்க விடும்படி நான் அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

உபதேசியார் வசனத்தைக் கணக்கப்பிள்ளை மகளிடமிருந்து வாங்கி மறுபடி அக்காவிடம் கொடுத்தார். அந்த வாரத்தில்தான் என் நாக்கு பிரசித்தமாயிற்று. கடைசிக் காம்பரா அத்தை, தன் மகனிடமிருந்து கடிதம் வருமா என்று கேட்டாள். இன்னொருத்தி வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டாள். வேதக்காரருக்குக் கருநாக்கெல்லாம் கிடையாது என்று உபதேசியார் கண்டித்தார். கண்டித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "எதுக்கும் ஒருக்கா நீட்டு" என்றார்.

கொட்டகைக்குள் காற்று நாலு பக்கமும் வரும். மூன்றாம் நாள் தம்பிக்கு இருமல் கண்டது. இருமி இருமி நீலம் பாரித்தான். புதன்கிழமைகளில் பண்டாரவளையிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வருவார். நரைத்த கட்டை மயிர், தடித்த கண்ணாடி. யுத்தத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் தன் ஊரிலிருந்து துரத்தப்பட்டு, ஒற்றைப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர் என்பார்கள். மற்றத் துரைமார் போல ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகமாட்டார். அவர் யூதச்சி என்று உபதேசியார் எங்களுக்குக் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். "அவங்களுக்கு நம்மள மாதிரி வருவார் உண்டு. வந்தார் இல்ல. இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்க, பாவம்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு தனி இரக்கம். அவருடைய ஜோடியும் கப்பலேறிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

பெரியம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது நாங்கள் இருவரும் கூடவே போனோம். டாக்டரம்மா குழாயை வைத்து அவன் நெஞ்சைக் கேட்டார். "எங்க படுக்குது இவன்?" என்று கேட்டார். பெரியம்மா தம்பியின் சட்டையை இழுத்து மூடினாள். நான் முந்திக்கொண்டு, "மாட்டுக் கொட்டாயில! தொட்டிக்குள்ள!" என்றேன், பரிசு வாங்கின செய்தியைச் சொல்வதுபோல. டாக்டரம்மா குழாயைக் காதிலிருந்து எடுத்தார். பெரியம்மாவிடம் ஒன்றொன்றாகக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு கடதாசியில் எழுதி, தாயும் பிள்ளையும் கப்பலுக்குத் திகதி வருகிறவரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும், யார் கேட்டாலும் இதைக் காட்டு என்று கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவள் சும்மா போகலாமா? நான் நாக்கை நீட்டினேன். "கறுப்பு இருக்குங்களா?" என்றேன்.

டாக்டரம்மா கரண்டியை வைத்து அழுத்திப் பார்த்தார். "நல்ல சிவப்பு. ஏன்?"

நான் என் தீர்க்கதரிசனத்தைப் பற்றியும் இரண்டு வரிசைகளைப் பற்றியும் சொன்னேன். என் வசனத்தையும் ஒப்புவித்தேன். பாதியில் அவரும் உதட்டை அசைத்து வேறேதோ பாஷையில் கூடவே சொன்னார். நான் "வருவார்" என்று முடித்ததும் நிறுத்திவிட்டார். அக்கா விடவில்லை. தன்னுடையதையும் சொல்லி, "வந்தார்" என்று கம்பீரமாக முடித்தாள். டாக்டரம்மா சிரித்தார்.

"நான் இவ வரிசை" என்று என்னைக் காட்டினார். "எங்க வீட்டில வருசத்துக்கு ஒரு நாள், பெரிய சாப்பாடு. கூடுதலா ஒரு கோப்பை வைப்போம். வாசக்கதவு தொறந்து வைப்போம். அவர் வாரார்னு சொல்ல முன்னால ஒரு தீர்க்கதரிசி வரும்னு."

"வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"காத்து வந்துச்சு. குளிர் காத்து." தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவர் வந்தா யாரும் யாரையும் வீட்ட விட்டு போன்னு சொல்லமாட்டாங்க. அப்படித்தான் எங்க புஸ்தகம். இப்ப சொல்றாங்கதானே? அப்ப இன்னும் வரல்ல." இதைப் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். பெரியம்மா அந்தக் கடதாசியை நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டாள். வருகிற வழியில் அக்கா, "பாவம், டாக்டரம்மாவுக்கு வெசயம் தெரியல" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

கிறிஸ்மஸ் அன்று நாலு மணிக்கே மலையில் மேகம் இறங்கி ஆலயத்துக்குள் இருட்டியிருந்தது. பெரியம்மா தம்பியோடு ஆஸ்பத்திரியில். பெரியப்பா மட்டும் ஆண்கள் பக்கத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்தது. கம்பளிக்குள்ளிருந்து நான் மீகாவின் வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லி, "வருவார்!" என்று முடித்தேன். எதிர்ப்பக்கத்தில் அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். வெள்ளைச் சட்டையில் ஒரு ஓரமாகச் சாணிக்கறை. கணீரென்று தொடங்கினாள். பெத்லகேமில் பிறந்தார் என்றாள். அவர்களுக்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று என்றாள்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரியப்பா அழுதார். ஆண்கள் அழுது நான் அதற்குமுன் கேட்டதில்லை. துண்டை வாயில் அழுத்தியும் அடங்கவில்லை. எழுந்து வாங்கை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. முன்னணையில் கிடத்தினார்கள், வந்தார் என்று முடித்து, நேராக நடந்து வந்து என் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மனுஷனை ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று ஜெபத்திலேயே சொல்லிவிட்டார். நானும் அதைத்தான் நம்பினேன். என் வசனத்துக்கு அழாத பெரியப்பா அவள் வசனத்துக்கு மட்டும் அழுதாரே என்று ஆற்றாமையாகக்கூட இருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்புறம் ஓடினேன். பெரியப்பா மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். "பெரியப்பா, நான் சொன்னபடியே நடந்துச்சுல்ல?" என்று கேட்டேன். அவர் என் தலையிலிருந்த கம்பளியை இழுத்துச் சரிசெய்தார். "ஆமாடா கண்ணு. நடந்துச்சு" என்றார்.

அம்மா பின்னாலேயே வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "இனிமே அவுங்க விசயத்துல நீ வாயத் தொறந்த, நாக்குல சூடு வச்சிருவேன். நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்த வரக்கூடாது. சத்தியம் பண்ணு." ஆலயத்துச் சுவரில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். அம்மா அழுதுகொண்டே திட்டினாள். நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை.

தை பிறந்து இரண்டாம் வாரம் அடுத்த திகதி வந்தது. இந்த முறை ஒப்பாரி இல்லை. ஒரு தடவை அழுது அனுப்பினவர்களை இன்னொரு தடவை எப்படி அழுது அனுப்புவது என்று லயத்துக்குத் தெரியவில்லை. பண்டாரவளை ஸ்டேஷன்வரை நாங்களும் போனோம். அங்கே வேறு தோட்டங்களின் சனமும் பெட்டிகளும். அன்றைக்கு நல்ல வெயில். கோச்சி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

பெரியம்மா ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். பெரியம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் மடியில் தம்பி தூங்கினான். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"நீ சொன்னா பலிக்கும்ல. பெரியம்மா அங்க போய் நல்லா இருப்பேன்னு ஒரு வார்த்த சொல்லுடி. இல்லாட்டி திரும்ப வருவேன்னு சொல்லு. எதையாச்சும் ஒண்ணு சொல்லு கண்ணு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பிளாட்பாரத்தில் குனிந்து அக்காவின் செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள், இது அவள் காதில் விழவில்லை. எனக்கு ஆலயத்துச் சுவர் ஞாபகம் வந்தது. சூடு ஞாபகம் வந்தது. லொறியிலிருந்து இறங்கியபோது பெரியம்மா என் வாயைப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது, கொஞ்சம் வீம்பும் சேர்ந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டேன். பெரியம்மா இன்னும் ஒருமுறை கேட்டாள். தலையை இல்லையென்று ஆட்டினேன். கோச்சி நகர்ந்தபோது அவள் கை என் கன்னத்திலிருந்து தானாக விடுபட்டது.

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு நீலகிரியிலிருந்து ஒன்று, அக்காவின் கையெழுத்தில். மூன்றாவது வரவில்லை. அம்மா சாகும்வரை எழுதினாள். போட்ட கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

நான் பிறகு படித்து ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எங்கள் ஆலயத்தில் அந்த இரண்டு வரிசைகளையும் நிறுத்துவது நான்தான். வந்தார் என்பதை நான் விசுவாசிக்கிறேன். ஆனால் டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியவில்லை என்று இப்போது சொல்லமாட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும் வெள்ளைச் சட்டைக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள், கம்பளியை ஒருத்தரும் கேட்பதில்லை.

பெரியம்மாவுக்குத் தெரியும், என் நாக்கு சிவப்பு என்று. டாக்டரம்மா அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் அவள்தான். தெரிந்துதான் கேட்டாள். வருவார் வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு உபதேசியார் கொடுத்திருந்தது ஒரே ஒரு சொல். யாரும் கேட்காமல் இருந்தபோது அதை ஊரெல்லாம் கேட்க உரக்கச் சொன்னேன். ஒரே ஒருத்தி சன்னலில் குனிந்து கேட்டபோது நான் சொல்லவில்லை.